மூன்று ஃபோல்டருக்குள் வைத்த மனு தேடலில் வந்து நிற்கிறது – இன்டெக்ஸ் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வைகைக்கரை:

நண்பர்களுக்கு வணக்கம். ஆடிட்டர் ஒருவரின் அலுவலகத்தில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். கணக்குத் தாக்கல் செய்யும் மாதத்தில் எங்கள் பாடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், ஒவ்வொருவருக்கும் அவசரம். அப்படி ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர் என் பக்கத்து நாற்காலியில் இருந்தார். அவருடைய போன வருட வாடகை ரசீதை எங்கே சேமித்தேன் என்று நினைவில்லை. ஃபோல்டரைத் திறந்து, மேல் மூலையில் இருக்கும் தேடுபெட்டியில் "வாடகை" என்று அடித்தேன்.

பதினைந்து இருபது கோப்புகள் வந்தன. மூன்றாவதாக வந்தது என் அக்காவின் மனு. குடும்ப நீதிமன்றத்துக்காக, இரண்டு வருடம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத அலுவலகத்தில் உட்கார்ந்து நான்தான் தட்டச்சு செய்து கொடுத்தேன். கோப்புக்குப் பெயர்கூட வெறும் "ஏ2" தான். மூன்று ஃபோல்டருக்குள் வைத்திருந்தேன். ஆனால் தேடல் முடிவில் அந்தப் பெயருக்குக் கீழே இரண்டு வரிகள் தெரிந்தன. "வாடகை" என்ற சொல் மஞ்சள் பூசி இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் அக்கா வீட்டில் நடந்தது.

பக்கத்தில் இருந்தவர் எங்கள் தெருக்காரர். ஒன்றும் சொல்லவில்லை. நான் மவுஸை எடுத்து மூடுவதற்குள் அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். படிக்காதவர் அப்படித் திரும்ப மாட்டார்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் திறக்கச் சொல்லாத கோப்பின் உள்ளே போய் அந்தக் கணினி எப்படிப் படித்தது? படித்தது இந்தக் கணினியோடு நிற்கிறதா, வெளியே எங்காவது போகிறதா? கோப்பை அழித்துவிட்டால் அது படித்து வைத்ததும் அழியுமா?

சர்வீஸ்கடை:

சகோதரி, திருப்பூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

விண்டோஸில் தேடலுக்கென்று ஒரு சர்வீஸ் எப்போதும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் சும்மா இருக்கும் நேரம் பார்த்து அது கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து வாசிக்கும். வேர்டு, எக்செல், பிடிஎஃப், அவுட்லுக் அஞ்சல் எல்லாம் அதில் அடங்கும். புத்தகங்களின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று, அதைப்போல ஒன்று எழுதிக்கொள்ளும். அதற்குப் பேர்தான் இன்டெக்ஸ். சொற்களோடு அது நிற்பதில்லை. கோப்பில் இருக்கும் எழுத்தில் ஒரு பகுதியையும் சுருக்கம் என்று எடுத்து வைக்கிறது.

எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது. சி டிரைவில் புரோகிராம்டேட்டா என்று மறைந்திருக்கும் ஃபோல்டருக்குள், தேடலுக்கான தரவுத்தளக் கோப்பு. விண்டோஸ் 10 வரை அதன் பெயர் விண்டோஸ்.இடிபி. விண்டோஸ் 11இல் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள வகைக்கு மாறி விண்டோஸ்.டிபி ஆகிவிட்டது. "ஹார்ட்டிஸ்கில் இடமே இல்லை, என்னவென்று பாருங்கள்" என்று வரும் சிஸ்டம்களில் இந்த ஒரே கோப்பு பல ஜிபி வளர்ந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தன் கணினியில் இப்படி ஒன்று இருப்பதே அந்த வாடிக்கையாளர்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

வெளியே போகிறதா என்று கேட்டீர்கள். இந்த இன்டெக்ஸ் உங்கள் கணினியிலேயேதான் இருக்கும். ஆனால் கீழே ஸ்டார்ட் மெனுவில் தேடும்போது, அடிக்கும் சொல் மைக்ரோசாஃப்ட்டின் பிங் இணையத் தேடலுக்கும் போகிறது, இணைய முடிவுகளைக் காட்டுவதற்காக. "வாடகை" என்று அடித்தால் பரவாயில்லை. ஒரு ஆளின் பெயரையோ நோயின் பெயரையோ அடித்தால்?

ஓஎம்ஆர்வாசி:

பதற வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன். நானும் மென்பொருள் துறையில்தான் இருக்கிறேன். இன்டெக்ஸ் உள்ளூரில் இருக்கிறது, எங்கும் போகவில்லை. அது இல்லாமல் நாலு லட்சம் கோப்புக்குள் ஒன்றைத் தேடினால் காபி குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு நேரம் ஆகும். நடந்தது வருத்தமான விஷயம், மறுக்கவில்லை. ஆனால் கோளாறு எங்கே என்றால், அலுவலகக் கணினியில் சொந்தக் கோப்பை வைத்ததில்தான். வெளியே போகாத வரைக்கும் இதில் அந்தரங்கப் பிரச்சினை என்று ஒன்று இல்லை.

திருச்சிக்காரன்:

ஓஎம்ஆர்வாசி தம்பி, "வெளியே போகாத வரைக்கும்" என்பதைத்தான் 2004இலும் சொன்னார்கள். அப்போது நான் கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் அக்டோபர் 14ஆம் தேதி கூகுள் டெஸ்க்டாப் வெளியானது. உங்கள் கணினிக்குள்ளேயே கூகுள் மாதிரி தேடலாம் என்றதும் எல்லோருக்கும் ஒரே மகிழ்ச்சி. நான் போய்வந்த பிரவுசிங் சென்டரில் யாரோ அதை நிறுவிவிட்டுப் போயிருந்தார்கள். ரெஸ்யூம் என்று தேடினேன், என்னுடையதைக் கண்டுபிடிக்க. வரிசையாக வந்தவை எல்லாம் அந்த நாற்காலியில் எனக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் பார்த்த பக்கங்கள், அவர்களுடைய யாஹூ அஞ்சல்கள். லாக் அவுட் செய்துவிட்டுத்தான் போயிருப்பார்கள். ஆனால் அந்த மென்பொருள் பிரவுசரில் திறந்த பக்கத்தை எல்லாம் பிரதி எடுத்து வைத்துக்கொண்டது. ஒரு பெண் யாருக்கோ எழுதிய கடிதம் பாதி கண்ணில் பட்டது, மூடிவிட்டேன். இப்போதும் அந்தக் கடிதத்தின் முதல் வரி எனக்கு நினைவிருக்கிறது. அது எனக்குத் தெரிந்திருக்கவே கூடாத வரி.

அதில் ஒன்றுகூட அந்தக் கடையை விட்டு வெளியே போகவில்லை. நீங்கள் சொல்வதுபடி பிரச்சினையே இல்லை.

அப்புறம் வெளியேயும் போனது. அதே வருடம் டிசம்பரில் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். கணினிக்குள் தேடிய முடிவுகளை கூகுள் இணையப் பக்கத்தின் முடிவுகளோடு சேர்த்துக் காட்டியதால், வெளியாள் ஒருவர் அந்தத் துணுக்குகளைப் பார்க்க வழி இருந்தது. கூகுள் அதைச் சரிசெய்தது. 2006 பிப்ரவரியில் மூன்றாம் பதிப்பு வந்தபோது, ஒரு கணினியின் கோப்பை இன்னொரு கணினியிலிருந்து தேடும் வசதியைச் சேர்த்தார்கள். அதை இயக்கினால் கோப்புகளின் எழுத்து கூகுள் செர்வரில் 30 நாள் வரை இருக்கும். இணைய உரிமைகளுக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் அந்த வசதியைப் பயன்படுத்தவே வேண்டாம் என்று வெளிப்படையாக எச்சரித்தது. வீட்டில் இருக்கும் காகிதத்தை எடுக்க அரசுக்குச் சோதனை வாரண்ட் வேண்டும்; இன்னொருவரின் செர்வரில் இருப்பதை அதைவிட எளிதாகக் கேட்டு வாங்கிவிடலாம் என்பதுதான் அவர்கள் கவலை.

2011இல் கூகுள் அதை மூடிவிட்டது. முதல் பதிப்பு கணினிக்குள் மட்டும் தேடியது. பதினாறு மாதத்தில் அதே மென்பொருள் செர்வர் வரை போனது. ஒரு அப்டேட் போதும்.

வைகைக்கரை:

ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அந்த நாற்காலியில் இருந்தது என் அக்கா மாதிரி ஒருத்தி என்றே தோன்றியது.

அச்சகத்தான்:

ஒரு சின்ன விஷயம். மனுவை யூனிகோடில் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துமுறை) அடித்திருக்கிறீர்கள், அதனால்தான் தமிழில் தேடியதும் சிக்கியது. எங்கள் சிவகாசிப் பக்கம் அச்சகங்களில் இன்னும் வானவில், செந்தமிழ் என்று பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றை இன்டெக்ஸ் செய்யும்போது ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் கணினிக்குத் தெரியும். "வாடகை" என்று யூனிகோடில் தேடினால் வராது.

சர்வீஸ்கடை:

அச்சகத்தான் அண்ணன் சொல்வது உண்மை. ஆனால் அதைப் பாதுகாப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த எழுத்துக் குவியலும் இன்டெக்ஸில் இருக்கத்தான் செய்கிறது. எழுத்துரு மாற்றியில் "வாடகை"யைப் போட்டு, வருவதைத் தேடினால் வந்துவிடும்.

குனுவழி:

விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறச் சொல்லத்தான் வருகிறேன் என்று நினைப்பீர்கள். பன்னிரண்டு வருடமாக லினக்ஸ்தான் வைத்திருக்கிறேன், ஆனாலும் அப்படிச் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கமும் இது நடந்திருக்கிறது.

2012 அக்டோபரில் உபுண்டு என்ற லினக்ஸின் 12.10 பதிப்பு வந்தபோது, சொந்தக் கோப்பைத் தேட நீங்கள் டேஷ் என்ற தேடுபெட்டியில் அடித்த சொல், உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனத்தின் செர்வருக்குப் போய், அமேசான் பொருட்களோடு திரும்பி வந்தது. அதுவும் யாரையும் கேட்காமல், இயல்பாகவே இயக்கப்பட்டு. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் அதை உளவு மென்பொருள் என்றே சொன்னார். அதை இயல்பாக அணைத்து வைக்க 2016இல் 16.04 வர வேண்டியிருந்தது. ஆப்பிளும் தப்பவில்லை. 2014இல் மேக் கணினிக்கு யோசெமிட்டி பதிப்பு வந்தபோது, ஸ்பாட்லைட் என்ற அதன் தேடலில் அடிப்பது, இருக்கும் இடத்தின் விவரத்தோடு ஆப்பிளுக்குப் போனது பெரிய பேச்சானது.

இன்னொன்று ஓஎம்ஆர்வாசிக்கு. இன்டெக்ஸ் செய்யும் மென்பொருள் எதையும் வெளியே அனுப்பாவிட்டாலும், வெளியே இருந்து வருவதைத் திறந்து படிக்கிறது. 2023 அக்டோபரில், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பின் பாதுகாப்புக் குழு வெளியிட்டது நினைவிருக்கும். லிப்கியூ என்ற சின்ன நிரல் தொகுப்பில் ஒரு பிழை. பாட்டுத் தகடுகளின் விவரம் எழுதும் கியூ கோப்பைப் படிக்க மட்டும் பயன்படுவது அது. க்னோம் என்ற லினக்ஸ் முகப்பைப் பயன்படுத்துபவர் ஒரு இணைப்பைச் சொடுக்கினால் போதும். கோப்பு டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் விழும். அவர் அதைத் தொடக்கூட வேண்டாம், டிராக்கர் என்ற இன்டெக்ஸ் மென்பொருள் தானாக எடுத்துப் படிக்கும், அந்தப் படிப்பிலேயே தாக்குபவரின் நிரல் ஓடிவிடும். "தெரியாத கோப்பைத் திறக்காதே" என்று அம்மா அப்பாவுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தோமே! நாம் திறக்காவிட்டாலும் திறக்க ஓர் ஆளை உள்ளேயே வைத்திருக்கிறோம்.

ஓஎம்ஆர்வாசி:

அந்தப் பிழை சரிசெய்யப்பட்டுவிட்டது. எல்லா மென்பொருளிலும் ஓட்டை வரும், அடைப்பார்கள். அதற்காக வசதியையே வேண்டாம் என்றால் கணினியே வேண்டாம் என்றாகும். ஆனால் திருச்சிக்காரன் அண்ணன் சொன்ன பிரவுசிங் சென்டர் கதை என்னை யோசிக்க வைத்தது. பகிர்ந்து பயன்படுத்தும் கணினி என்றால் கணக்கு வேறு. அதை நான் முதலில் எண்ணிப் பார்க்கவில்லை.

கோவை_வழக்கறிஞர்:

இருபது வருடமாகக் குடும்ப வழக்குகள் நடத்துகிறேன். வைகைக்கரை எழுதியதைப் படித்ததும் மனது கனத்துவிட்டது.

1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தில் 11ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. கணவனோ மனைவியோ கேட்டுக்கொண்டால் விசாரணையை மூடிய அறையில் நடத்த வேண்டும். எத்தனையோ பெண்கள் அந்தக் கதவு சாத்தப்பட்ட பிறகுதான் வாய் திறந்து பேசுவார்கள். நானே பார்த்திருக்கிறேன். கதவு மூடும் சத்தம் கேட்டதும் தோள் தளரும். அந்த மூடிய அறையில் சொல்ல வேண்டியதை ஒரு தேடுபெட்டி தெருக்காரர் முன்னால் மஞ்சள் பூசிக் காட்டிவிட்டது.

நாங்கள் இன்னும் கவலைப்பட வேண்டியவர்கள். கட்சிக்காரர் சொன்னதை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் 132. நான் வெளியிடவில்லை, என் லேப்டாப் தானாகப் பிரதி எடுத்து வைத்தது என்றால் கட்சிக்காரருக்கு அது ஆறுதலா?

அதனால்தான் மைக்ரோசாஃப்ட்டின் ரீகால் பற்றிக் கேள்விப்பட்டதும் பயந்தேன். 2024 மே 20 அன்று அறிவித்தார்கள். சில நொடிக்கு ஒருமுறை திரையைப் படம் பிடித்து, படத்தில் இருக்கும் எழுத்தையும் படித்து, பிறகு தேட வைக்கும். கோப்பாகச் சேமிக்காத ஒன்றும் அதில் விழும். காணொளி அழைப்பில் கட்சிக்காரர் காட்டிய காயத்தின் படம் விழும். அந்தச் சோதனைப் பதிப்பில் படித்ததெல்லாம் குறியாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது) இல்லாத சாதாரண எஸ்க்யூலைட் கோப்பாகக் கிடந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர் கெவின் போமாண்ட் காட்டினார். எதிர்ப்பு கிளம்பியதும் ஜூன் மாதமே, பயனர் தானாக இயக்கினால்தான் இயங்கும் என்று மாற்றினார்கள், வெளியீட்டையும் தள்ளிப்போட்டார்கள். 2025 ஏப்ரலில் கோபைலட் பிளஸ் என்ற புதிய வகைக் கணினிகளுக்கு வந்தபோது குறியாக்கம், முகம் அல்லது கைரேகை கேட்கும் விண்டோஸ் ஹலோ சரிபார்ப்பு எல்லாம் இருந்தன. மாற்றியது நல்லதுதான். ஆனால் நான் அணைத்து வைத்தால் போதுமா? எதிரே இருப்பவர் கணினியில் ஓடினால் நான் அவருக்கு அனுப்பியதும் அதில் சேரும். சிக்னல் என்ற செய்திச் செயலி 2025 மே மாதம் தன் சாளரத்தையே படம் பிடிக்க முடியாதபடி விண்டோஸ் 11இல் மறைத்தது இதற்காகத்தான்.

சர்வீஸ்கடை:

மேடம் சொன்னதற்குப் பிறகு வைகைக்கரையின் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். அதை யாரும் தொடவில்லை. கோப்பை அழித்தால் படித்து வைத்ததும் அழியுமா?

உடனே முழுதாக அழியும் என்று நம்ப முடியாது. கோப்பு போனதும் தேடல் முடிவிலிருந்து போய்விடும். ஆனால் தரவுத்தளத்துக்குள் அந்தப் பதிவு இருந்த இடம் காலி என்று குறிக்கப்படும், அவ்வளவுதான். வேறு ஏதாவது வந்து அதன் மேல் எழுதும் வரை பழைய எழுத்து அங்கேயே கிடக்கலாம். காவல்துறையின் கணினித் தடயவியல் ஆட்கள் அந்த இடிபி கோப்பைத்தான் விரும்பித் தேடுவார்கள், ஏனென்றால் அழித்த ஆவணத்தின் துண்டுகள் அதில் கிடைக்கும். படங்களுக்கும் இதே கதைதான். விண்டோஸ் வைத்திருக்கும் சிறுபடக் கோப்பில், அழித்த படத்தின் சிறிய வடிவம் இருந்துகொண்டே இருக்கும்.

செகண்ட் ஹேண்ட் லேப்டாப் விற்பவர்கள் "எல்லாத்தையும் டெலீட் பண்ணிட்டேன் அண்ணா" என்று கொடுப்பார்கள். என்னவெல்லாம் மிச்சம் இருக்கும் என்று தெரிந்ததால், நான் வாங்கும் ஒவ்வொன்றையும் அவர்கள் எதிரிலேயே முழுசாகத் துடைத்துவிட்டுத்தான் பணம் கொடுக்கிறேன்.

சகோதரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் மனுவை அந்தக் கணினியிலிருந்து எடுத்துவிடுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். பிறகு கண்ட்ரோல் பேனலில் இன்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ் திறந்தால் எந்தெந்த ஃபோல்டரைப் படிக்கிறது என்று தெரியும். மாடிஃபை அழுத்தி, வாடிக்கையாளர் ஆவணங்கள் இருக்கும் ஃபோல்டர்களில் டிக்கை எடுங்கள். அட்வான்ஸ்டு உள்ளே ரீபில்ட் இருக்கும், அதைக் கொடுத்தால் பழைய இன்டெக்ஸை விட்டுப் புதிதாகக் கட்டும். கோப்பின் பெயரை மட்டும் தேடினால் போதும், உள்ளே படிக்க வேண்டாம் என்றால் ஃபோல்டரின் பிராப்பர்டீஸில் அட்வான்ஸ்டு போய், உள்ளடக்கத்தை இன்டெக்ஸ் செய்ய அனுமதிக்கும் டிக்கை எடுக்கலாம்.

இதைவிட முக்கியம், ஒரே லாகினில் நாலு பேர் உட்காராதீர்கள். ஆளுக்கு ஒரு யூசர் கணக்கு போட்டு, சொந்தக் கோப்பை அவரவர் கணக்குக்குள் வைத்தால், ஒருவருக்குத் திறக்க உரிமை இல்லாத கோப்பை விண்டோஸ் தேடல் அவருக்குக் காட்டாது. டிஸ்க் முழுவதையும் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் இருந்தால் இயக்கிவிடுங்கள், கணினி திருட்டுப் போனாலும் இன்டெக்ஸைப் படிக்க முடியாது.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்பாட்லைட் நீங்கள் சொருகும் வெளி டிஸ்கையும் படித்து, இன்டெக்ஸை அந்த டிஸ்கிலேயே ஒரு மறைந்த ஃபோல்டரில் எழுதி வைக்கும். டிஸ்கை அடுத்தவரிடம் கொடுக்கும்போது அதுவும் சேர்ந்து போகிறது.

ஓஎம்ஆர்வாசி:

பெயரை மட்டும் தேட எவ்ரிதிங் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. கோப்புக்குள் போகாது, மின்னல் வேகம். அதைப் பரிந்துரைக்கிறேன்.

குனுவழி:

நல்ல மென்பொருள்தான். ஆனால் அதை சர்வீஸாக நிறுவினால், ஒருவருக்கு உரிமை இல்லாத ஃபோல்டரில் இருக்கும் கோப்புகளின் பெயரையும் அவருக்குக் காட்டும். வைகைக்கரை "ஏ2" என்று பெயர் வைத்தார். நம்மில் பாதிப் பேர் "அக்கா விவாகரத்து மனு இறுதி" என்றுதான் வைப்போம்.

ஓஎம்ஆர்வாசி:

அதை நான் கவனித்ததில்லை. ஒத்துக்கொள்கிறேன். முதலில் எழுதியதில் ஒன்றையும் திரும்பப் பெறுகிறேன் சகோதரி. கோளாறு நீங்கள் கோப்பு வைத்த இடத்தில் என்று சொன்னேன். உள்ளே படிக்கட்டுமா என்று அந்தக் கணினி உங்களை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள்.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை மாலை சர்வீஸ்கடை அண்ணன் சொன்னபடியே செய்தேன். இன்டெக்ஸிங் ஆப்ஷன்ஸில் எண்ணிக்கை காட்டுமே, அதில் எழுபதாயிரத்துக்கு மேல் இருந்தது. அதில் என் சொந்தக் கோப்பு ஒன்றுதான். மற்றதெல்லாம் எங்களை நம்பிக் கொடுத்தவர்களின் பான் கார்டு, வங்கிக் கணக்கு, கடன் கடிதம். டிக்கை எடுத்துவிட்டு ரீபில்ட் கொடுத்தேன். இரவு முழுக்க ஓடியது. திங்கட்கிழமை ஆடிட்டர் ஐயாவிடம் சொன்னேன், ஆளுக்கு ஒரு லாகின் போடச் சம்மதித்துவிட்டார். தேடல் மெதுவாகத்தான் இருக்கிறது, ரசீதைக் கையால் தேடுகிறேன்.

அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எந்த இரண்டு வரி?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். "சரி, அடுத்த பத்தி இல்லையே" என்றாள்.

சர்வீஸ்கடை:

சகோதரி, அலுவலகத்தில் பேக்கப் ஹார்ட்டிஸ்க் ஏதாவது இருக்கிறதா? இரண்டு வருடத்துக்கு முந்தைய பேக்கப்பில் அந்த மனுவும் இருக்கும். அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வைகைக்கரை:

இருக்கிறது அண்ணா, இரண்டு. ஒன்று ஐயா வீட்டில் இருக்கிறது. நாளைக்குக் கொண்டுவரச் சொல்கிறேன்.